குறுக்கெழுத்து பாதியில் நின்றுவிட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தினப் பேப்பரில் வரும் எளிய குறுக்கெழுத்து பாதியில் நின்றால், "நமக்குப் பொது அறிவு போதாது" என்று பலர் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் மனம் ஒப்புவதில்லை. கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்து பேக்கரிகளில் காலை டீயோடு ஒரே பேப்பரைச் சுற்றி உட்கார்ந்து கட்டம் நிரப்புகிறவர்களை நெடுநாளாகப் பார்த்து வருகிறேன், நானும் அவர்களில் ஒருவன். நின்ற இடத்தை உற்றுப் பார்த்தால் விடை தெரியாமல் நின்றது கொஞ்சம்தான். எழுத்துக் கணக்கிலும் திசையிலும் தடுக்கி நின்றதுதான் அதிகம்.

இதற்குக் காரணம் உண்டு. இந்த விளையாட்டு 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு என்ற பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் போட்ட புதிரிலிருந்து வளர்ந்தது. அது 26 எழுத்துள்ள மொழிக்கு அமைந்த கட்டம். நம்மிடம் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247. ஆங்கிலத்தில் இரண்டு சொல் சந்திக்கும் கட்டத்தில் ஒரு மெய் ஒத்தால் போதும். தமிழில் 'க' இருக்கும் இடத்தில் 'கா' வந்தாலே சந்திப்பு கெட்டுவிடும். ஆகவே நம் கட்டத்தில் ஒரு எழுத்து பிசகினால் அதைத் தொடும் சொற்கள் எல்லாம் நிற்கும். அந்த ஒரு எழுத்து சரியாகிவிட்டால் எல்லாம் ஓடும்.

கீழே உள்ளவற்றில் உங்கள் கட்டம் எந்த அறிகுறியோடு நிற்கிறதோ அதைப் பாருங்கள்.

விடை தெரிகிறது, ஆனால் ஒரு கட்டம் மிஞ்சுகிறது அல்லது போதவில்லை

முதலில் ஒற்றை எண்ணுங்கள். புள்ளி வைத்த ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் கட்டம். வாயால் சொல்லி விரல் மடக்கினால் ஒற்று நழுவிவிடும். பேப்பர் ஓரத்தில் எழுதி எண்ணுவதே நல்லது.

எண்ணியும் அடங்கவில்லை என்றால், அதே பெயரின் இன்னொரு எழுத்து வடிவத்தைப் போட்டுப் பாருங்கள். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற குறிப்புக்கு ஏழு கட்டம் என்றால் கோயம்புத்தூர், ஆறு என்றால் கோயமுத்தூர், இரண்டே என்றால் கோவை. உடுமலை நாலு, உடுமலைப்பேட்டை எட்டு. கோபி இரண்டு கட்டத்தில் முடிந்துவிடும். முழுப் பெயராக எழுதினால் 'கோபிசெட்டிபாளையம்' ஒன்பது, நடுவில் ப் போட்டால் பத்து, ச் சேர்த்தால் பதினொன்று. பெயர்ப் பலகைகளிலேயே மூன்று விதமாகப் பார்க்கலாம். ஆகவே ஊர்ப்பெயர் ஒரு கட்டம் இடித்தால் சந்தி ஒற்றைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது சொல்லின் தலை. ராமன் மூன்று, இராமன் நாலு. லட்சுமி நாலு, இலட்சுமியும் இலக்குமியும் ஐந்து. 'ஸ்ரீ' ஒரே கட்டம். ஐயா இரண்டு, அய்யா மூன்று. ஔவை இரண்டு, அவ்வை மூன்று. இந்த 'அய்', 'அவ்' எழுத்து முறைக்கு நம் பக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. ஈரோட்டுப் பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறையில் காட்டினார். 1978 இல் அரசு ஏற்றுக்கொண்டது லை, னை, ணா போன்ற வடிவ மாற்றங்களைத்தான்; ஐ, ஔ அப்படியே நின்றன. எழுத்தின் உருவம் மாறியதால் கட்டக் கணக்கு மாறவில்லை. 'மலை' என்பதைப் பழைய கொம்பு போட்டு எழுதும் பெரியவருக்கும் அது இரண்டு கட்டம்தான். ஆனால் ஐ-யை அய் என்று எழுதினால் ஒன்று கூடிவிடும்.

எண்ணிக்கை சரி, குறுக்கே வரும் சொல் இடிக்கிறது

உடனே இரண்டு சொல்லையும் அழித்துவிட வேண்டாம். இடிக்கும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் பாருங்கள். காவிரியும் மூன்று, காவேரியும் மூன்று; நடு எழுத்து மட்டும் 'வி'யா 'வே'யா என்று மாறும். காங்கயம், காங்கேயம் இரண்டும் ஐந்து, மூன்றாவது கட்டம் மட்டும் வேறு. பழனி, பழநி அப்படியே. பவானி ஜமக்காளம் என்று எழுதினால் இரண்டாவது கட்டத்தில் ம, ஜமுக்காளம் என்றால் மு. எண்ணிக்கை மாறாததால் இந்தப் பிழை கண்ணில் படாது. குறுக்குச் சொல் நிற்கும்போதுதான் தெரியவரும்.

இரண்டு சொல்லில் எதைச் சந்தேகப்படுவது என்று கேட்டால், ஒரே பொருளுக்குப் பல பெயர் உள்ளதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 'கொடி காத்த ___' என்ற குறிப்புக்குக் குமரன் என்பதில் ஆட்டமே இல்லை. 'நீர்நிலை' என்ற குறிப்புக்கு மூன்று எழுத்தில் குளம், குட்டை, கிணறு, பொய்கை, ஊருணி எல்லாம் வரும். கோவைக்காரருக்கு வாலாங்குளம், உக்கடம் பெரியகுளம் என்று பழகிய வாய் என்பதால் கை தானாகக் 'குளம்' என்று எழுதிவிடும். அதை அழிக்கத் தயாராக இருங்கள், குமரனைத் தொடாதீர்கள்.

அப்புறம் ர-ற, ல-ள-ழ, ந-ன-ண. பேச்சில் நாம் ர, ற வித்தியாசம் பார்ப்பதில்லை, கட்டம் பார்க்கும்.

ஒரே குறிப்புக்கு நாலு விடை வருகிறது

'கொங்கு நாட்டு முருகன் மலை (5)' என்று ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மருதமலை ஐந்து எழுத்து. சென்னிமலை ஐந்து. சிவன்மலை ஐந்து. பழனிமலையும் ஐந்து. கோவைக்காரர் மருதமலை என்பார், காங்கயத்துக்காரர் சிவன்மலை என்பார், இருவரும் சரி. இந்த இடத்தில் கடைசி இரண்டு கட்டத்தில் 'மலை' மட்டும் எழுதிவிட்டு நகருங்கள். நாலுக்கும் அது பொது, தப்பாகாது. பிறகு எந்த எழுத்துக்காகக் காத்திருப்பது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாவது கட்டத்தில் 'னி' கிடைத்தால் போதாது, சென்னிமலையிலும் பழனிமலையிலும் அங்கே 'னி'தான். இரண்டாவது கட்டம் கிடைத்தால் ரு, ன், வ, ழ என்று நாலும் தனித்தனி. ஆகவே இரண்டாவது கட்டத்தைக் கடந்து போகும் குறிப்பு எதுவோ அதைத்தான் முதலில் போட வேண்டும். விடைகளை வரிசையாக எழுதி, எந்தக் கட்டத்தில் அவை பிரிகின்றன என்று பார்ப்பதே இந்த நோய்க்கு மருந்து.

கரூரை ஒட்டி ஓடும் ஆறு அமராவதி. அதன் பழைய பெயர் ஆன்பொருநை. இரண்டும் ஐந்து எழுத்து. இங்கே குறிப்பிலேயே சாடை இருக்கும். 'சங்க காலத்தில்', 'அன்று' என்று ஏதாவது ஒரு சொல் ஒட்டியிருந்தால் ஆன்பொருநை, வெறுமனே ஆறு என்றால் அமராவதி.

இதைவிட ஆபத்தானது, தவறான இரண்டு விடைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பது. பெருந்துறைப் பக்கம் ஒரு பேக்கரியில் நடந்த பேச்சு இது. 'மண்ணுக்குள் விளையும் (6)' என்பது இடமிருந்து வலம். அதன் முதல் கட்டத்திலிருந்து மேலிருந்து கீழாக 'யானை (3)'.

"ஏங்கண்ணு, கடலைக்காய் போட்டுட்டேன். ஆறு எழுத்து. யானைக்குக் களிறு. க-வுக்குக் க பொருந்துது பாரு."

"இல்லீங்க மாமா, பேப்பர்ல கடலைக்காய்னு எழுதுவாங்களுங்களா? நிலக்கடலையா இருக்குமுங்க."

"அதும் ஆறுதான். அப்ப யானைக்கு என்ன போடுவே?"

பக்கத்து மேசையிலிருந்து ஒருவர், "வேர்க்கடலையும் ஆறுதானுங்க" என்றார். அதோடு மூன்று கட்சி ஆகிவிட்டது.

கடலைக்காய், களிறு இரண்டும் 'க'வில் தொடங்குவதால் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டு நின்றன. முடிச்சை அவிழ்த்தது மூன்றாவது கட்டம். அதன் வழியாக மேலிருந்து கீழாக வரும் குறிப்பு 'ஒற்றைக் காலில் நிற்கும் பறவை'. கொக்கு என்று போட்டால் நடு எழுத்து க் அந்த இடத்தில் விழும். கடலைக்காய்க்கு மூன்றாவது எழுத்து லை, ஆகவே அது போயிற்று. மிச்சம் இருந்த இரண்டில், 'நி'யில் தொடங்கும் யானை இல்லை. 'வே'யில் வேழம் இருக்கிறது. வேர்க்கடலை நின்றது, களிறு போய் வேழம் வந்தது.

ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு குறுக்குச் சொல் சாட்சியாக இருந்தால் நம்பாதீர்கள். இரண்டாவது சாட்சி வரும்வரை பென்சிலில்தான் இருக்க வேண்டும்.

முதல் கட்டத்தில் புள்ளி எழுத்து வந்துவிட்டது, அல்லது கடைசியில் உயிர் எழுத்து

திசை தவறு. நம் நாளிதழ்களின் எளிய கட்டங்கள் பலவற்றில் நாலு திசை உண்டு: இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். 247 எழுத்தை வைத்துக்கொண்டு சந்திப்பு உண்டாக்கும் சிரமத்தில், சொல்லைத் திருப்பிப் போட முடிவது கட்டம் அமைப்பவருக்குப் பெரிய உதவி. புதிதாகப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல்தான் பாதி நேரம் நிற்கிறார்கள்.

தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. உயிர் எழுத்து சொல்லின் முதலில்தான் வரும், நடுவிலோ கடைசியிலோ வராது. 'கரூர்' வலமிருந்து இடமாக இருந்தால் இடப்பக்க முதல் கட்டத்தில் ர் உட்கார்ந்திருக்கும். 'ஈரோடு' திரும்பியிருந்தால் வலக் கடைசியில் ஈ நிற்கும். இந்த இரண்டில் எதைக் கண்டாலும் எழுதுகோலை மறுமுனைக்குக் கொண்டுபோங்கள். உயிர் எழுத்து நட்டநடுவில் நின்றால் சொல் கலைந்திருக்கிறது, அதாவது எழுத்துகளை வரிசை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

ற, ன, ண, ள, ழ முதலில் வந்தாலும் இதே சந்தேகம்தான். ட, ர, ல பற்றி அப்படிச் சொல்ல முடியாது. டம்ளரும் ரயிலும் லட்டும் தினமும் வருகின்றன.

எண் எந்தக் கட்டத்தில் அச்சாகியிருக்கிறதோ அங்கேதான் சொல் தொடங்கும். எண்ணுக்கு வலப்பக்கம் கருப்பு, இடப்பக்கம் வெள்ளை என்றால் அது வலமிருந்து இடம் போகும் சொல். குறிப்பைப் படிப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம்.

புள்ளி எழுத்து ஒன்று மட்டும் கிடைத்திருக்கிறது, மேலே நகரவில்லை

கொண்டாட வேண்டிய இடம் இது. புள்ளி எழுத்தைப் போல உதவி செய்யும் எழுத்து கட்டத்தில் வேறு இல்லை. பள்ளியில் மெய்ம்மயக்கம் என்று படித்து மறந்த இலக்கணம் இங்கேதான் கைகொடுக்கிறது.

க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொற்களில் தம் வரிசை எழுத்தோடு மட்டுமே சேரும். க்-க்கு அடுத்த கட்டத்தில் க, கா, கி என்று அந்த வரிசைதான். பக்தி, சக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் விலக்கு. கோயில், புராணம் சார்ந்த குறிப்பாக இருந்தால் அந்த விலக்கை நினைவில் வையுங்கள். ங்-க்கு அடுத்து க வரிசை. ஞ்-க்கு அடுத்து பெரும்பாலும் ச. ந்-க்கு அடுத்து பெரும்பாலும் த. ட், ற் இரண்டும் தம் வரிசையோடு சேரும், க, ச, ப-வோடும் சேரும்: வெட்கம், ஆட்சி, நட்பு, முயற்சி. ம்-க்கு அடுத்து ப அல்லது ம என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். ண், ன் கொஞ்சம் தாராளம். ண்ட, ண்ண, ன்ற, ன்ன முதலில், அப்புறம் நண்பன், அன்பு, நன்மை மாதிரி.

'ஈரோட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தது (4)', கையில் இருப்பது இரண்டாவது கட்டத்தில் ஞ் மட்டும். மூன்றாவது கட்டம் ச வரிசை என்று எழுதிக்கொண்டதும் மஞ்சள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். 2019 இல் கிடைத்த குறியீடு என்பது தெரியாதவருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டு புள்ளி எழுத்து அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்று. காய்ச்சல், பார்த்து, வாழ்த்து. மேலே சொன்ன வேர்க்கடலையிலும் ர், க் அப்படித்தான் நிற்கின்றன. பேக்கரியில் யாராவது, "இரண்டாவது, மூன்றாவது கட்டம் இரண்டும் புள்ளியா?" என்று கேட்டிருந்தால் நிலக்கடலைக்கும் வேர்க்கடலைக்கும் சண்டையே வந்திருக்காது.

கடைசிக் கட்டத்தில் புள்ளி இருந்தால் பெரும்பாலும் ம், ன், ர், ல், ள், ய். சில சமயம் ண், ழ். க், ச், ட், த், ப், ற் கடைசியில் வந்தால் அது கிரிக்கெட் மாதிரி வந்த சொல், அல்லது திசையை மறுபடி பாருங்கள்.

'கலைந்துள்ளது', 'தலையில்லை', 'பாதி மட்டும்'

சில குறிப்புகளில் இப்படி ஒரு சொல் ஒட்டியிருக்கும்; விடையை முழுசாக, நேராக எழுதக் கூடாது என்று அர்த்தம். கலைந்த சொல்லை ஒட்டவைக்கப் புள்ளி எழுத்திலிருந்தே தொடங்குங்கள். ச, ள், ம, ஞ் என்று கிடந்தால் ஞ்-ஐயும் ச-வையும் முதலில் ஒட்டுங்கள். ள் முதலில் வராது. மிச்சம் ஒரே இடம்தான் இருக்கும். ஆனால் கட்டத்தில் எழுத வேண்டியது கலைந்த வரிசையை. சரிசெய்த சொல்லை எழுதிவிட்டு, குறுக்குச் சொல் வரவில்லை என்று தவிக்கிறவர்கள் உண்டு. எந்த வரிசையில் கலைப்பது என்பதைக் குறுக்குச் சொற்கள்தான் சொல்லும். அதனால் இவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

'தலை போன பவானி (2)' என்றால் வானி. பழம்பாட்டில் வானி என்று ஓர் ஆறே உண்டு, இங்கே அந்தத் துண்டுக்கும் பொருள் இருக்கிறது. ஆனால் 'வால் போன கரூர்' என்றால் கரூ என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான், பொருள் தேடக் கூடாது.

கடைசி எழுத்து மட்டும் ஒட்டவில்லை

குறிப்பின் முடிவைப் பாருங்கள். 'நெய்பவர்' என்றால் நெசவாளர், ஐந்து. 'நெய்பவன்' என்றால் நெசவாளி, நாலு. குறிப்பு பன்மையில் இருந்தால் விடையும் 'கள்' போட்டு முடியும். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

நம் ஊர்ப் பேச்சு முன்னால் வந்து நிற்கிறது

ஓணான் என்று குறிப்பைப் படித்ததும் நமக்கு ஓடக்கான் என்று வரும். பெருக்குவதற்கு என்றால் சீமாறு. தாத்தா என்றால் அப்பாரு. மாநிலம் முழுக்கப் போகும் பேப்பரில் இவை விடையாக வருவது அபூர்வம். ஆகவே முதலில் புத்தகச் சொல்லைப் போடுங்கள்: சீமாறு மூன்று எழுத்து, துடைப்பம் ஐந்து, விளக்குமாறு ஆறு. எண்ணிக்கையே சொல்லிவிடும். ஆனால் குறிப்பில் 'கொங்கு வழக்கில்' என்றோ 'பேச்சு வழக்கு' என்றோ இருந்தால், சென்னைக்காரர் தலையைச் சொறியும்போது நாம் ஒரே மூச்சில் எழுதிவிடலாம். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

நாலு பேர் சேர்ந்து போடும்போது சண்டை வருகிறது

பெரும்பாலும் விடையைக் கத்திவிடுவதால் வரும் சண்டை. முன்னால் உட்கார்ந்திருப்பவர் யோசித்துக்கொண்டிருப்பார், பின்னால் நிற்பவர் "சங்ககிரி!" என்று சொல்லி முடித்துவிடுவார். அதற்குப் பதில், "சின்னமலையைத் தூக்கில் போட்ட ஊருங்க, 1805 இல்" என்று குறிப்பை இன்னும் கொஞ்சம் திறந்து விடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் "இரண்டாவது எழுத்து புள்ளிங்க" என்று சொல்லுங்கள். எழுதுகிறவர் கையிலேயே விடை பிறக்கும்.

கருத்து வேறுபட்டால் இரண்டு விடையையும் பேப்பர் ஓரத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதுங்கள், கட்டத்துக்குள் யாரும் கை வைக்க வேண்டாம். பேனாவைப் பெரியவர் கையில் கொடுப்பது நம் வழக்கம். பென்சில் கிடைத்தால் அதைக் கொடுப்பது இன்னும் நல்லது.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்று மட்டும் வரவே இல்லை

அச்சுப் பிழையாக இருக்கலாம். எண் விட்டுப்போவதும், ஒரு கருப்புக் கட்டம் இடம் மாறுவதும் நடக்கும். ஆனால் உடனே பேப்பரைக் குறை சொல்லிவிட வேண்டாம். எண்ணிக்கை, எழுத்து வடிவம், திசை மூன்றையும் பார்த்தபின், உறுதியான இரண்டு குறுக்குச் சொற்கள் சேர்ந்து ஒரு குறிப்பை மறுத்தால்தான் குறிப்பில் பிழை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, பேப்பரை மறுநாள் வரை வைத்திருங்கள். விடை வந்ததும் வராத அந்த ஒரு கட்டத்தை மட்டும் ஒப்பிட்டு, தடுத்தது ஒற்றா, எழுத்து வடிவமா, திசையா, உண்மையிலேயே தெரியாத விஷயமா என்று ஓரத்தில் ஒரு சொல்லில் குறித்து வையுங்கள். எந்தச் சொல் அடிக்கடி வருகிறதோ, அடுத்த முறை கட்டம் நின்றால் அந்த அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்.